முதல் ஸ்நார்க்கலிங் மாஸ்க்: முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: குடும்பத்தோடு முதல் தடவையாக அந்தமான் போகிறோம். நாங்கள் இருவர், 9 மற்றும் 13 வயதில் இரண்டு பிள்ளைகள். கடலில் குப்புற மிதந்தபடி கீழே பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு மாஸ்க், ஸ்நார்க்கல் (மூச்சு விடும் குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), பை எல்லாம் சேர்த்து ஒரு செட் 1,500 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. நான்கு செட் வாங்கிவிடலாமா? அங்கேயே வாடகைக்கு எடுத்தால் போதுமா? (மதுரை வாசகி)

பதில்: நான்கு செட் வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் மாஸ்க்கில் போடுங்கள்.

ஹேவ்லாக், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவின் எலிஃபண்ட் பீச்சிலும், போர்ட் பிளேயருக்கு (இப்போதைய ஸ்ரீ விஜயபுரம்) எதிரே உள்ள நார்த் பேயிலும் ஸ்நார்க்கலிங் கூட்டிப்போகிறவர்கள் பொதுவாக மாஸ்க், குழாய் இரண்டையும் கொடுத்து, கூட ஒரு ஆளையும் அனுப்புவார்கள். ஆகவே எதுவுமே வாங்காமலும் போகலாம். ஆனால் வாடகை மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்துமா என்பது அன்றைக்குக் கையில் கிடைப்பதைப் பொறுத்தது. பொருந்தாத மாஸ்க்கில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் புகும். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறினால் முதல் தடவை போகிறவர் பயந்துபோவார். கீழே மீன் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருக்கும், அவரோ தலையைத் தூக்கி மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருப்பார். அதனால்தான் ஆளுக்கு ஒரு மாஸ்க் சொந்தமாக இருக்கட்டும் என்கிறேன். பிறர் வாயில் வைத்த குழாய் வேண்டாம் என்று நினைத்தால் ஸ்நார்க்கலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபின்ஸ் வாடகைக்கே போதும்.

செட்டாக விற்பதில் உள்ள சிக்கல், அதில் மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. முடிந்தால் கடைக்கே போங்கள். மாஸ்க்கின் பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் லேசாக வையுங்கள். தலைமுடி உள்ளே மாட்டக் கூடாது. மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டு கையை எடுங்கள். மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. திரும்பத் திரும்ப மூச்சை இழுத்தால்தான் நிற்கிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம், அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஸ்நார்க்கல் குழாயின் பல்லால் கடிக்கும் முனையை வாயில் வைத்துக்கொண்டும் ஒரு தடவை பாருங்கள். வாய் விரியும்போது கன்னத்தின் அமைப்பு மாறும், அதுவரை ஒட்டியிருந்த மாஸ்க் அப்போது விட்டுவிடுவதுண்டு. நெற்றியிலோ மூக்குத்தண்டிலோ குத்துகிறதா என்பதையும் கவனியுங்கள். கடையில் லேசாக உறுத்துவது கடலில் அரை மணி நேரத்தில் வலியாகிவிடும்.

கிரெஸ்ஸி, மாரெஸ், ஸ்கூபாப்ரோ என்று நல்ல பெயர்கள் நிறைய உண்டு. உங்கள் முகத்தில் ஒட்டாத விலையுயர்ந்த மாஸ்க்கைவிட ஒட்டுகிற சாதாரண மாஸ்க்தான் நல்லது. இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கண்ணாடி டெம்பர்டு கிளாஸாக இருக்க வேண்டும், முகத்தில் படும் ஓரம் சிலிகானாக இருக்க வேண்டும். மலிவான செட்டுகளில் வரும் பிவிசி ஓரம் விறைப்பாக இருக்கும், நாளாக ஆக இன்னும் விறைக்கும்.

9 வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் அளவுதான் சரி. பெரியவர்கள் மாஸ்க்கைப் பட்டையை இறுக்கிப் போட்டுவிட்டால் பொருந்திவிடாது. மீதிப் பணத்தில் நால்வருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை, அதாவது ரேஷ் கார்ட் வாங்குங்கள். குப்புற மிதக்கும்போது முதுகும் பின்கழுத்தும் வெந்துபோகும். சன்ஸ்கிரீனில் உள்ள சில ரசாயனங்கள் பவளப்பாறைக்குக் கேடு என்ற கவலையும் உண்டு. ஹவாயில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களை விற்க 2021 முதல் தடை. சட்டை போட்டால் அந்தப் பூச்சு பாதிக்கு மேல் தேவைப்படாது. லைஃப் ஜாக்கெட்டை அங்கேயே கொடுப்பார்கள். நீச்சல் தெரிந்தாலும் முதல் நாள் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல மாஸ்க்தான் வாங்கினேன். கடையில் ஒட்டியது. தண்ணீரில் மூக்குக்குக் கீழே கசிகிறது, பனி படர்ந்த மாதிரி மங்கியும் விடுகிறது. எனக்கு அடர்த்தியான மீசை. அதுதான் காரணமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கசிவுக்கு மீசைதான் காரணம். முடிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மீசையை எடுக்கச் சொல்லமாட்டேன். மூக்கை ஒட்டி, மாஸ்க்கின் ஓரம் உட்காரும் அந்த மெல்லிய கோட்டை மட்டும் மழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மனமில்லை என்றால், டைவிங் கடைகளில் கிடைக்கும் சிலிகான் கிரீஸை அந்த இடத்தில் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள்.

கசிகிறதே என்று பட்டையை இறுக்காதீர்கள். பலரும் முதலில் செய்வது அதைத்தான். இறுக்க இறுக்கச் சிலிகான் ஓரம் மடங்கி இன்னும் கசியும். பட்டை தலையின் பின்புறம், காதுக்கு மேல் மட்டத்தில், நழுவாத அளவுக்கு இருந்தால் போதும். மீசைக்காரர்களுக்குச் சில சொட்டு எப்படியும் வரும். அண்ணாந்து பார்த்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று இதைப் பழகிவிட்டால் கசிவைப் பற்றிய பயமே போய்விடும்.

மங்குவது வேறு கதை. புது மாஸ்க் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய சிலிகான் படலம் இருக்கும். வெள்ளை டூத்பேஸ்ட்டை (ஜெல் வேண்டாம்) கண்ணாடியின் உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வாயால் ‘ஹா’ என்று ஊதிப் பாருங்கள். ஆவி உடனே பரவலாகப் படிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று தடவையில் குறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இறங்கும் முன் உள்ளே எச்சில் தடவி லேசாக அலசினால் போதும். எச்சில் பிடிக்காதவர்கள் தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பு தடவிக்கொள்ளலாம். டூத்பேஸ்ட் வைத்தியம் கண்ணாடிக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் முகப்பில் தேய்த்தால் கீறல் விழும்.

கேள்வி: எனக்கு மைனஸ் 3.5 பவர். மூக்குக்கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு மேலே மாஸ்க் போடலாமா? (சேலம் வாசகி)

பதில்: முடியாது. கண்ணாடியின் காதுக்கம்பி மாஸ்க் ஓரத்தைத் தூக்கிவிடும், தண்ணீர் வந்துவிடும். இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க் வாங்குங்கள். அதில் பல மாடல்களுக்கு அரை அரைப் பவராக ஏறும் மைனஸ் லென்ஸ்கள் ரெடிமேடாகக் கிடைக்கின்றன, கழற்றி மாட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்குள் எல்லாமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்றுக் கிட்டத்திலும் தெரியும். அதனால் உங்கள் பவருக்கு அரை குறைவான லென்ஸ் கிடைத்தாலும் சமாளித்துவிடலாம். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பட்ட லென்ஸால் கண்ணில் தொற்று வரும் ஆபத்து உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. வாயால் மூச்சு விடப் பயப்படுகிறார். முகம் முழுவதும் மூடும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் மூக்காலேயே மூச்சு விடலாமே? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: டெக்கத்லான் 2014இல் ஈஸிபிரீத் மாஸ்க்கைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவலானது. மூக்கால் மூச்சு, அகலமான பார்வை, இரண்டும் உண்மை. நல்ல தயாரிப்பில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் தனித்தனி வழி இருக்கும். அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்களில் வால்வு சரியாக மூடாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலைவலி, படபடப்பு வரும். அப்படியொரு நேரத்தில் சாதாரணக் குழாயைத் துப்பிவிடலாம், முழு மாஸ்க்கைக் கழற்றத்தான் வேண்டும். வேகமாக நீந்தவும் ஏற்றதல்ல. மூக்கைப் பிடித்துக் காது அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது என்பதால் முங்கிக் கீழே போகவும் உதவாது.

அம்மாவுக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால் நம்பகமான தயாரிப்பாக, சரியான அளவில், கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரே இழுப்பில் அவரே கழற்றப் பழகட்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். சாதாரண மாஸ்க்கையும் ஸ்நார்க்கலையும் வீட்டில் மாட்டிவிட்டு, டிவி பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாலைகளில் பழகிவிடும். பயம் பெரும்பாலும் பழக்கமில்லாததால் வருவதுதான். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மாஸ்க் வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பையனுக்கு 16 வயது, நன்றாக நீந்துவான். கையால் பம்ப் அடித்துக் காற்று நிரப்பும் அரை லிட்டர் ‘மினி ஸ்கூபா’ சிலிண்டரைப் பிறந்தநாளுக்குக் கேட்கிறான். பயிற்சியே வேண்டாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் மட்டும்தான் போடுவான். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தப் பகுதியில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லும் ஒரே பொருள் இதுதான்.

தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நுரையீரலில் இருப்பது அந்த ஆழத்தின் அழுத்தத்தில் உள்ள காற்று. மேலே வரவர அழுத்தம் குறையும், காற்று விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. பிடித்துக்கொண்டு வந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கலக்கும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம், மரணம் வரைக்கும் போகலாம். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே நுரையீரலுக்குக் காயம் ஏற்படலாம். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் அதைவிட ஆழம். நன்றாக நீந்துகிற பையனுக்குத் தண்ணீரில் மூச்சைப் பிடிப்பது இயல்பாகவே வரும். இங்கே ஆபத்தாவது அந்தப் பழக்கம்தான். ஸ்கூபா வகுப்பில் மூச்சைப் பிடிக்காதே என்பதை முதல் விதியாகச் சொல்லித்தருவது அதனால்தான்.

கணக்கையும் பாருங்கள். அரை லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் கிடைப்பது 100 லிட்டர் காற்று. புதிதாக இறங்குகிறவர் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் இழுப்பார். மேல்மட்டத்திலேயே ஐந்தாறு நிமிடம்தான் வரும், 10 மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. காற்று திடீரென்று நின்றால் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான் நடக்கும். அவ்வளவு அழுத்தத்துக்குக் கைப்பம்பில் நிரப்புவதும் சாதாரண வேலை இல்லை.

அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள். புதுச்சேரியிலேயே ஸ்கூபா கற்றுத்தருகிறார்கள். 16 வயதில் பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற ஸ்கூபா பயிற்சி அமைப்புகளின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சியில் தாராளமாகச் சேரலாம். அந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். பிறந்தநாளுக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஃபின்ஸில் குதிகால் மூடியது, திறந்தது என்று இரண்டு இருக்கிறதே? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் ஸ்நார்க்கலிங் செய்ய, வெறுங்காலில் மாட்டும் குதிகால் மூடிய வகை போதும். விரல்கள் நெருக்காமல், குதிகால் நழுவாமல் இருக்க வேண்டும். பாறைக் கரையில் நடந்து இறங்குவதாக இருந்தால் பூட்ஸோடு போடும் திறந்த வகை வசதி. துடுப்புப் பகுதி நீளமானது ஆரம்பத்தில் வேண்டாம், பவளத்தில் இடித்து உடைக்கும். வளர ஆண்டுக்கணக்காகும் அந்தப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது.

கேள்வி: ஓப்பன் வாட்டர் முடித்துவிட்டேன். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), பிசிடி ஜாக்கெட் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை), வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் உடை), டைவ் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாகத் தள்ளுபடியில் தருகிறேன் என்கிறார்கள். (பெங்களூரு வாசகி)

பதில்: வருடத்துக்கு எத்தனை தடவை டைவ் போவீர்கள் என்று முதலில் யோசியுங்கள். ஒரு விடுமுறைக்கு மட்டும் என்றால் மாஸ்க்குக்கு அடுத்து டைவ் கம்ப்யூட்டர் ஒன்றே போதும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், அடுத்த டைவுக்கு எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் உடம்புக்கென்று கணக்கு வைப்பது அதுதான். தினம் ஒரு வாடகைக் கருவி மாறினால் முந்தைய நாள் கணக்கு அதில் இருக்காது. பேட்டரியை நீங்களே மாற்றும்படியான மாடலாகப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்தக் கெடுவையும் அது காட்டும்.

ரெகுலேட்டரை ஆண்டுதோறும், அல்லது தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் சர்வீஸ் செய்ய வேண்டும். தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட, இந்தியாவில் யார் சர்வீஸ் செய்வார்கள், உதிரிபாகம் கிடைக்குமா என்பதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். பிசிடியும் சிலிண்டரும் வாடகைதான் நல்லது. அந்தமான் கடலுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும்.

கேள்வி: ‘டெம்பர்டு கிளாஸ்’ என்று போட்டிருந்த மாஸ்க்கை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது பிளாஸ்டிக். முகத்தில் படும் பொருள், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்கிறார்கள். (திருச்சி வாசகி)

பதில்: உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பினால் அவர்கள் மறுக்கலாம். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உண்மையான டெம்பர்டு கண்ணாடியில் ஓரத்தில் அந்தப் பெயரோ ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோ பொறித்திருக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சத்தம் வரும். பிறகு விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரியை மாற்றிவிடலாம். பில், படங்களோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையவழியிலேயே பதிவு செய்யலாம்.

அதுவரை அந்த மாஸ்க்கைத் தண்ணீரில் நனைக்காமல், வந்த பெட்டியோடு அப்படியே எடுத்து வையுங்கள்.