கன்று போட்டு ஐந்து மாதமாகியும் பருவத்துக்கு வராத காங்கேயம் மாடு

கேள்வி: தாராபுரம் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கிறேன். தலைஈத்துக் காங்கேயம் மாடு ஒன்று கன்று போட்டு ஐந்து மாதமாகிறது, இன்னும் பருவத்துக்கே வரவில்லை. நஞ்சுக்கொடி சரியாகத்தான் விழுந்தது. கன்று நாள் முழுக்கத் தாயோடுதான் மேய்கிறது. ஊசி போட்டால் வந்துவிடும் என்கிறார்கள், போடலாமா?

பதில்: ஊசி இருக்கட்டும், முதலில் மாடு சினையா இல்லையா என்று மருத்துவரிடம் உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாட்டு மாடுகளின் பருவம் பல நேரம் ராத்திரியில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும், கத்தவும் கத்தாது, பக்கத்துக் காட்டுக் காளை வேலி தாண்டி வந்து போனதும் நமக்குத் தெரியாது. பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் சில ஊசிகள் சினை மாட்டுக்குப் போனால் கன்று கலைந்துவிடும்.

சினை இல்லை என்றால், என் கணிப்பில் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கன்று நாள் முழுக்கத் தாயோடு மேய்கிறது. கன்று அடிக்கடி மடியில் வாய் வைக்க வைக்க, சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியேற மூளையிலிருந்து வரவேண்டிய உத்தரவு அடங்கியே கிடக்கும். பாலே குடிக்காவிட்டாலும் சொந்தக் கன்று பக்கத்தில் நின்று மோந்துகொண்டிருந்தாலே ஓரளவு இதே கதைதான். இதோடு தலைஈத்து வேறு, தாயே இன்னும் வளர்ந்து முடியவில்லை. தின்பதெல்லாம் அதன் வளர்ச்சிக்கும் பாலுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் சினைப்பைக்கு.

ஐந்து மாதக் கன்று புல்லும் சோளத்தட்டும் நன்றாகத் தின்னும். அதனால் காலையும் மாலையும் இரண்டு வேளை மட்டும் ஊட்ட விடுங்கள், மற்ற நேரம் அடுத்த கிளுவை வேலிக்குள் கொஞ்சம் தள்ளியே மேயட்டும். அதற்காக ஒரேயடியாகப் பிரித்துவிடாதீர்கள். காங்கேயம் மாடு கன்று இல்லாமல் பால் சுரக்காது, மடி வற்றிவிடும்.

அடுத்து உடம்பு. மாட்டின் பக்கவாட்டில் நின்று பாருங்கள், கடைசி இரண்டு விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. நாலைந்தை எட்ட நின்றே எண்ண முடிந்து, இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால், நீங்கள் கன்றைப் பிரித்தும் பெரிதாகப் பலன் இருக்காது, முதலில் தீனிதான். கோடையில் காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப்புல் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு. மேய்ச்சலோடு கடலைக்கொடி, தினம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர்தீவனம், தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம் கொடுங்கள். குடற்புழு மருந்து கொடுத்து நாளாகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

இப்படி ஒன்றரை, இரண்டு மாதம் பார்த்தும் வரவில்லை என்றால் அப்போது மருத்துவரிடம் போகலாம். சினைப்பை வேலையே தொடங்காமல் கிடக்கிறதா, இல்லை பருவம் வந்தும் ஊமையாகப் போகிறதா என்று பார்த்துத்தான் மருந்து. இரண்டுக்கும் ஒரே ஊசி கிடையாது, வேலை தொடங்காத சினைப்பைக்குப் போய், முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் காசுதான் கரையும். அப்படிப்பட்ட மாட்டுக்குப் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைக் கசியவிடும் சாதனத்தை ஒரு வாரம், ஒன்பது நாள் பிறப்புறுப்புக்குள் வைத்து எடுப்பது உண்டு, அதுவும் உடம்பு தேறிய மாட்டில்தான் நன்றாக எடுபடும்.

அதுவரை விடியற்காலையிலும் ராத்திரி படுக்கப் போகும் முன்னும் கட்டுத்தரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். வாலிலும் பின்தொடையிலும் கண்ணாடி மாதிரி வழும்பு ஒட்டியிருந்தால் அதுதான் அறிகுறி. காலையில் பார்த்தால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. தவறவிட்டால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, 18ஆம் நாளிலிருந்தே மறுபடி கவனியுங்கள்.

அப்புறம், அடுத்த ஈத்துக்கு இந்தத் தீனியைக் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். ஈன்ற பிறகு இறங்கிய உடம்பை, கன்றும் குடித்துக்கொண்டிருக்கும்போது ஏற்றுவதற்குள் செலவு இரட்டிப்பாகிவிடும்.