வாசகர் கேள்வி: லட்ச ரூபாய் ஸ்டீரியோவை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கோவையில் உள்ள உயர்தர ஆடியோ கடையில், பல லட்சம் ரூபாய் விலையுள்ள இரண்டு ஸ்டீரியோக்களைக் கேட்டுப் பார்க்க இருக்கிறேன். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், குன்னூர்

பதில்: முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமமாக வைக்கச் சொல்லுங்கள், 1 டெசிபல் கூடினால்கூட அதைத் தரம் என்றே நம் காது எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் போடும் பதிவை விட்டுவிட்டு, நீங்கள் கேட்டுப் பழகிய கச்சேரிப் பதிவை எடுத்துச் சென்று, மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கத்தில்) எழும் கும்கி என்ற கனத்த நாதம் வழுக்கி அடங்குவது தெளிவாகக் கேட்கிறதா, பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நிலையாக நிற்கிறதா, பின்னணியில் தம்புரா அறுபடாமல் தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஒலியை உறிஞ்சும் பலகைகள் பதித்த கடை அறையில் இனித்தது, மரத்தளமும் கண்ணாடி ஜன்னல்களும் உள்ள மலை வீட்டில் இரைச்சலாகலாம் என்பதால், வீட்டில் வைத்துக் கேட்க அனுமதிக்காத கடையில் வாங்கவே வேண்டாம். குன்னூர் ஈரத்தில் ஸ்பீக்கர் கூம்பின் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் உதிரக்கூடும். ரப்பர் விளிம்பையே கேட்டு வாங்குங்கள்.