பையன் பூட்ஸ் தைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான்: தண்டையார்பேட்டை அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் வணிகவியல் படித்த பையன் பி.காம். விண்ணப்பம் போடாமல், கையால் லெதர் பூட்ஸ் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமனார் பெரியமேட்டில் தோல் மூட்டை சுமந்தவர். அந்த வாடையிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்று கேட்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. தோலைத் தொட்டவர்களை இந்த ஊர் எப்படி நடத்தியது என்று தெரியாதவர்கள்தான் ‘எல்லாத் தொழிலும் ஒன்றுதானே’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் அவன் கேட்பது வேறு வேலை. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். முன்பாதத்தை மூடும் துண்டை முதுகுப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். நாடாவுக்கு அடியில் வரும் நாக்குக்கு ஓரத்துத் தோல் போதும். பூச்சிக்கடித் தழும்பு, முள் கீறல் எல்லாவற்றையும் சுற்றிப்போக வேண்டும். அப்பருக்கான, அதாவது பூட்ஸின் மேல்பகுதிக்கான, தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. துண்டுகளை நெருக்கி வைக்கத் தெரியாதவர் வெட்டினால் லாபமெல்லாம் கழிவோடு போகும். கிளிக்கிங் என்கிற இந்த வெட்டும் பிரிவில் தேர்ந்த கைக்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

பதனிடுவதிலும் இரண்டு வழி. குரோமிய உப்பில் பதனிட்டால் ஓரிரு நாளில் வேலை முடியும். தோல் மெத்தென்று வரும், அப்பருக்கு ஏற்றது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டால் கெட்டியாக வரும், வியர்வையை உறிஞ்சும், நாளடைவில் காலின் வடிவத்துக்குப் படியும். பாதம் படும் உள் சோலான இன்சோலுக்கும் தரையில் படும் அடிசோலுக்கும் அதுதான் வேண்டும். பழைய முறையில் தொட்டியில் ஊறவைத்தால் சோல் தோலுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நம்மூர்த் தோல் ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில் வெள்ளைக்காரர் காலத்திலேயே நம் ஹார்பரில் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

அடுத்தது லாஸ்ட், அதாவது கால் வடிவக் கட்டை. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் கால் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம். ஐரோப்பிய அளவில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். நீளம் சரியாக இருந்தும் பாதத்தின் சுற்றளவு தப்பினால் பூட்ஸ் கடிக்கும். அந்த மேடுபள்ளமான கட்டையின் மேற்பரப்பைத் தட்டையான காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் பேட்டர்ன். இந்தத் தொழிலில் மூளைக்கு அதிக வேலை இங்கேதான், சம்பளமும் இங்கேதான்.

பிறகு அப்பரைக் கட்டைமேல் இழுத்து ஆணியடித்து, வடிவம் பிடிக்கும்வரை விட்டுவைப்பார்கள். இன்சோலின் அடிப்பக்கத்தில் செதுக்கிய விளிம்போடு வெல்ட் என்ற தோல் பட்டையைத் தைப்பார்கள். வளைந்த குத்தூசியால் துளை போட்டு, மெழுகேற்றிய நூலின் இரு முனையையும் அதே துளையில் எதிரெதிராக நுழைத்து இழுப்பார்கள். அடிசோல் அந்த வெல்ட்டோடுதான் தைக்கப்படும். அதனால் சோல் தேய்ந்தால் அப்பரைத் தொடாமலே மாற்றலாம். குட்இயர் வெல்ட் மெஷின் இதையே வேகமாகச் செய்கிறது, பெரும்பாலும் இன்சோலில் ஒட்டிய துணி விளிம்பில். ‘ஹேண்ட்மேட்’ என்று விற்கும் பூட்ஸில் பாதி வேலை மெஷினில் நடந்திருக்கும். அதில் குற்றமில்லை, பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி பிழைப்பு. முழுக்கக் கையால் தைத்த பூட்ஸை மட்டும் நம்பிச் சென்னையில் குடும்பம் நடத்துவது கஷ்டம். இந்த வெயிலில் பூட்ஸ் வாங்க எத்தனை பேர் வருவார்கள்? மொபைலில் பார்க்கும் வீடியோ அதைச் சொல்லாது. ஆனால் கைவேலை தெரிந்தவருக்கு ஏற்றுமதி நிறுவனங்களின் சாம்பிள் ரூமிலும் பேட்டர்ன் மேசையிலும் இடம் இருக்கிறது. ஆர்டர் உறுதியாவதற்கு முன் வாடிக்கையாளருக்குப் போகும் ஜோடி அங்கேதான் உருவாகிறது. 2022-ல் தமிழக அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் என்றே தனிக் கொள்கை வெளியிட்டது. செய்யாறு, பெரம்பலூர் பக்கம் வந்துள்ள பெரிய ஆலைகளைக் காட்டி ஆசை காட்டுவார்கள். அங்கே பெரும்பாலும் தோல் இல்லாத காலணி, வரிசையில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லைன் வேலை. அவன் கேட்பது அது இல்லை.

படிப்புக்கு முதலில் கிண்டியைப் பாருங்கள். மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஐ. அங்கே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு வருட டிப்ளமோ உண்டு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள காலணி வடிவமைப்பு நிறுவனமான எஃப்.டி.டி.ஐ.யில் நான்கு வருட டிசைன் பட்டம், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணமும் தூரமும் அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் லெதர் டெக்னாலஜி நல்ல படிப்பு, ஆனால் கணக்கும் வேதியியலும் இல்லாமல் அவனுக்கு வழியில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். ‘சும்மா வந்து உட்கார், கத்துக்கலாம்’ என்று எந்தச் சின்ன யூனிட்டாவது கூப்பிட்டால், என்ன வேலை, எத்தனை மாதம் என்று கேளுங்கள். பசை தடவுவதிலேயே இரண்டு வருடம் போய்விடும். ஜன்னல் இல்லாத அறையில் பசையின் ஆவி உடம்புக்கும் ஆகாது.

அதற்கு முன் வீட்டில் கிடக்கும் தேய்ந்துபோன லெதர் ஷூ ஒன்றை அவனிடம் கொடுங்கள். தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்து காட்டட்டும். அரை மணியில் சலித்துவிட்டால் பி.காம். விண்ணப்பத்தை எடுங்கள். குதிகால் பக்கம் உள்ளே ஏன் கெட்டியாக ஒரு துண்டு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தால், மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு அவனோடு நீங்களும் கிண்டிக்குப் போங்கள். கட்டணச் சலுகை உண்டா, விடுதி உண்டா, கடந்த வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பி.காம். ஆசையையும் விட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் கூடவே படிக்கலாம். பில், சரக்கு ஆவணம், விலைக் கணக்கு புரிகிற பேட்டர்ன் ஆள் கிடைத்தால் ஏற்றுமதிக் கம்பெனி சுலபத்தில் விடாது.