300 மீட்டர் யாருக்கு?

கேள்வி: கடலை நினைத்து வடிவமைத்தது என்று சொல்லி ஒரு மெக்கானிக்கல் டைவிங் வாட்ச் புதிதாக வந்திருக்கிறது. டயலில் அலை வரிகள், ஓரம் போகப்போகக் கறுக்கும் நீலம், நீல நிற முட்கள், கடலில் சேகரித்த பிளாஸ்டிக்கில் செய்த பட்டை. 300 மீட்டர் ஆழம் வரை தாங்குமாம். ஹீலியம் வால்வு வேறு இருக்கிறது. எனக்கு நீச்சல் சுமார்தான், ஆனால் ஸ்கூபா கற்கும் எண்ணம் உண்டு. வாங்கலாமா? (பெயரைப் போடாதீர்கள். வீட்டில் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் படிப்பார்கள்.)

பதில்: பெயரைப் போடவில்லை. வாட்ச் கையில் ஏறியதும் வீட்டுக்குத் தெரியத்தானே போகிறது!

பொழுதுபோக்காக ஸ்கூபா செய்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. புதிதாகக் கற்றவர்களுக்கு 18. வாட்ச் தாங்கும் ஆழத்தில் ஏழில் ஒரு பங்கைக்கூட நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஹீலியம் வால்வு இன்னும் வேடிக்கை. அது தண்ணீருக்காக வைத்ததே இல்லை. ஆழ்கடலில் வேலை பார்ப்பவர்கள் அழுத்தம் ஏற்றிய அறைக்குள், ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி, நாள்கணக்கில் தங்குவார்கள். அந்தப் பொடி அணுக்கள் வாட்சுக்குள்ளும் நுழைந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட ஹீலியம் கண்ணாடியையே பிதுக்கித் தள்ளும். அதை வெளியே விட 1960களில் வந்த ஏற்பாடு இது. நீங்கள் அந்த அறையில் குடியேறும் உத்தேசத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

அதற்காக டைவிங் வாட்சே வெறும் படம் காட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1953ல் பிளான்பெயின் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ வாட்சைக் கொண்டுவந்தபோது அதற்குத் தேவை இருந்தது. நிறுவனத்தை நடத்திய ஃபீக்டரே கடலில் மூழ்கிப் பழகியவர். நேரம் போனது தெரியாமல், காற்று தீர்ந்து சிக்கிக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு. அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களும் கலங்கல் நீரில் ஒரே பார்வையில் நேரம் தெரிகிற வாட்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வாட்சுகளில் எனக்குப் பிடித்தது டயலைச் சுற்றியிருக்கும் வளையம். தண்ணீரில் இறங்கும்போது அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால் போதும். அப்புறம் கணக்கே வேண்டாம். வளையத்தில் முள் தொடும் எண்தான் நீங்கள் உள்ளே கழித்த நிமிடம். வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தால்கூட, கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர குறைத்துக் காட்டாது. கொஞ்சம் சீக்கிரம் மேலே வந்துவிடுவீர்கள், அவ்வளவுதான் நஷ்டம். இதை யோசித்தவருக்கு ஒரு சலாம் போடலாம்.

ஆனால் 1980களிலேயே டைவ் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆழம், நேரம், உடம்பில் சேரும் நைட்ரஜன் எல்லாவற்றையும் அதுவே கணக்கிடும். ஸ்கூபா வகுப்பில் அதைத்தான் கேட்பார்கள். முள் வாட்ச் அதற்குத் துணையாக இருக்கலாம். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மெக்கானிக்கல் வாட்ச் ஒரு நாளில் சில விநாடி முன்னே பின்னே போகும் என்பதும் நினைவிருக்கட்டும். செல் போட்ட சாதாரண வாட்சுக்கு அந்தப் பிசகு வர ஒரு மாதம் ஆகும்.

தண்ணீரைத் தடுப்பது டயலில் எழுதிய எண் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள். டைவிங் வாட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425படி செய்த வாட்ச் ஒவ்வொன்றையும், எழுதியிருக்கும் ஆழத்துக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும்; உங்களுடையதற்கு 375 மீட்டர். சரி, அது தயாரித்த நேரத்துச் சோதனை. சூட்டிலும் சோப்பிலும் ரப்பர் நாளாக நாளாக இறுகிப்போகும். நேரத்தைச் சரிசெய்யத் திருகை இழுத்துவிட்டு, திரும்ப முடுக்க மறந்தால், முகம் கழுவும் தண்ணீரே போதும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும்போது அழுத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் பட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு விரல் அகலப் பட்டையில் எவ்வளவு பிளாஸ்டிக் இருந்துவிடும்? கடலுக்கு நல்லது செய்ததாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பல்சக்கரங்கள் சுழல்வதைப் பார்க்கும் ஆசையில் வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். வீட்டிலும் அதையே சொல்லுங்கள், ஸ்கூபா கதை வேண்டாம். நிஜமாகவே கடலில் இறங்கத்தான் என்றால், முதல் செலவு நீச்சல் வகுப்புக்கு. அதன் பிறகும் இந்த வாட்ச்தான் வேண்டும் என்று தோன்றினால், நீல டயலில் நீல முட்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கடையில் உள்ளங்கையால் டயலை இருட்டாக்கி, ஒரு சாண் தள்ளி வைத்து நிமிட முள் தெரிகிறதா என்று பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு வளையத்தையும் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் பட வேண்டாம் என்று கடைக்காரர் பதறினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.