ஆர்வி வண்டியில் முகாமிடப் போகும்போது எந்த மாதிரி கையடக்க ஸ்பாட்லைட் வாங்குவது?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கம் ஆர்வி (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய பெரிய வண்டி) வாடகைக்கு எடுத்துப் போகிறோம், பெட்டிமேல் "10,000 லுமென், 1 கிலோமீட்டர்" என்று போட்ட விளக்கை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முகாமில் அவ்வளவு தூரம் அடிக்கும் விளக்குக்கு வேலையே இல்லை.

முதலில் லுமெனை விட்டுவிட்டு கேண்டெலா எவ்வளவு என்று பாருங்கள். விளக்கிலிருந்து வரும் மொத்த ஒளி லுமென். அது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. அமெரிக்காவில் விற்கும் உருப்படியான விளக்குகளில் கைவிளக்குகளுக்கான ஆன்சி எஃப்எல்1 என்ற பொது அளவுமுறைப்படி எண்கள் அச்சிட்டிருப்பார்கள். அதில் "தூரம்" என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) குறையும் இடம், ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைக்கும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400. ஆளா, மரக்கட்டையா என்று பிரித்தறிய இதில் பாதியை மட்டும் நம்புங்கள்.

முகாமில் பெரும்பாலான வேலை 30 மீட்டருக்குள் முடிந்துவிடும்: இட எண் போட்ட கம்பம், தண்ணீர்க் குழாய், கரண்ட் பெட்டி, கூரையில் உரசப்போகும் மரக்கிளை. நடந்து போகுமுன் மர ஓரம் வரை ஒரு பார்வை பார்க்க 100 மீட்டர் போதும். ஆகவே 20,000 முதல் 40,000 கேண்டெலா, 600 முதல் 1,000 லுமென். இதற்கு மேல் குவித்தால் கிட்டத்தில் நடுவட்டம் மட்டும் வெள்ளையாகக் கண்ணைக் கூசும், சுற்றிலும் இருட்டாகிவிடும். பக்கவாட்டில் பரந்த வெளிச்சம் தரும் இரண்டாவது விளக்கும் சேர்ந்த மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். உண்மையில் அதுதான் அதிகம் எரியும்.

யெல்லோஸ்டோனில் விலங்குகள்மேல் ஸ்பாட்லைட் அடிப்பது சட்டப்படி தடை. கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், காட்டெருமை, எல்க் என்ற பெரிய மான் போன்றவற்றிடமிருந்து 23 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பதும் விதி. வழியைப் பார்க்க அடிக்கலாம், விலங்கைத் தேடி அடிக்கக் கூடாது.

பேட்டரியில்தான் ஏமாற்று அதிகம். பேட்டரியின் கொள்ளளவாகப் போட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி வரும்: ஒற்றை லித்தியம் செல் மின்னழுத்தத்தில் 10,000 எம்ஏஹெச் என்றால் 37. நல்ல எல்இடி 1,000 லுமெனுக்குச் சுமார் 10 வாட் இழுக்கும், ஆக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே பேட்டரியோடு "10,000 லுமென், 8 மணி நேரம்" என்று போட்டிருந்தால் கணக்கு இடிக்கிறது. எஃப்எல்1-இல் "எரியும் நேரம்" என்பதும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை உள்ள நேரம். முதல் சில நிமிடங்களிலேயே சூட்டுக்காக விளக்கு தானே இறங்கிக்கொள்வது சகஜம்.

12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஒயர் வைத்த பழைய ஹாலஜன் வகையைத் தவிர்த்துவிடுங்கள். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 மீட்டர் மெல்லிய ஒயரில், தடிமன் 18 கேஜ் என்றால், போகவர 1 வோல்ட் போய்விடும். ஹாலஜனுக்கு 1 வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போகும். மேலும் டாஷ்போர்டு சாக்கெட் பொதுவாக எஞ்சின் பேட்டரியில் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டு அதில் விளக்கைப் போட்டால் காலையில் வண்டி கிளம்பாது. லித்தியம் விளக்கைப் பகலில் ஓட்டும்போதே யுஎஸ்பியில் சார்ஜ் போட்டுக்கொள்வது நிம்மதி. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏற்றாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும். உள்ளே வைத்து, சூடு ஏறியபின் போடுங்கள். மலிவு விளக்குகள் சிலவற்றில் இருபக்கமும் யுஎஸ்பி-சி முனையுள்ள கேபிள் போட்டால் சார்ஜே ஏறாது. சார்ஜர் விளக்கை அடையாளம் காணத் தேவையான இரண்டு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய யுஎஸ்பி-ஏ முனையும் மறுபக்கம் சி முனையும் உள்ள கேபிள் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.

தண்ணீர் புகாத் தரத்தில், மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், தண்ணீருக்குள் விழக்கூடிய ஏரிக்கரைக்கு ஐபிஎக்ஸ்7. பொத்தான் பூட்டு அவசியம்: பைக்குள் தானாக எரிந்தால் துணியே கருகும். அடியில் காந்தம் இருப்பது நல்லதுதான், ஆனால் ஆர்வியின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியம், அங்கே ஒட்டாது. பம்பரோ, இரும்புச் சட்டமோதான் பிடிக்கும். அதனால் மாட்டும் கொக்கியும் இருக்கட்டும்.

இருட்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விளக்கைக் கையில் பிடித்து ஆட்டாதீர்கள். வெளிச்சம் பக்கக் கண்ணாடியில் பட்டால் ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. தரையில் வைத்து, மோதக்கூடிய கம்பத்தின் மேலோ மேசையின் மேலோ திருப்பிவிட்டு, வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிடலாம். முழு சார்ஜ் போட்டு, இருட்டறையில் 5 மீட்டர் தள்ளி போனின் லக்ஸ் செயலியை வைத்து நடுவட்டத்தை அளந்து 25-ஆல் பெருக்குங்கள், அதுதான் கேண்டெலா. போன் சென்சார் கொஞ்சம் முன்பின் காட்டும், ஆனால் 40,000 என்று விற்றது 6,000 காட்டினால் அது சென்சார் பிழையல்ல. பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளங்கள். பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.