சுதந்திரமா திரிஞ்ச விலங்கு எப்படி வாயும் குடலும்கூட இல்லாத ஒட்டுண்ணியா மாறுது?

உறுப்பு எல்லாம் ஒரே அடியா போயிடல. முதல்ல சாப்பாடு சும்மா கிடைக்கிற இடத்துல போய் ஒட்டிக்குது, அப்புறம் பல லட்சம் வருஷத்துல தேவைப்படாதது ஒவ்வொண்ணா கழண்டுடுது. வெளிய வாழுற பிராணிக்கு கண்ணைக் கெடுக்கிற மியூட்டேஷன், அதாவது மரபணு மாற்றம் வந்தா அது சீக்கிரமே எதுக்காவது இரையாகிடும், அந்த மியூட்டேஷனும் அதோட போச்சு. இருட்டான குடலுக்குள்ள கிடக்கிற புழுவுக்கு கண்ணு போனா ஒண்ணுமே ஆகாது, அதனால அது அப்படியே அடுத்த தலைமுறைக்கும் போகுது, போதாததுக்கு கண்ணு வளர்க்கிற செலவும் மிச்சம், அதை முட்டை போடுறதுக்கு செலவழிக்கலாம். நாடாப்புழு சத்து எல்லாத்தையும் தோல் வழியாவே உறிஞ்சிக்கும், உடம்புல பெரும்பகுதி இனப்பெருக்க உறுப்புதான்.

என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்துறது சாக்குலினாங்கிற ஒட்டுண்ணி. பாறையிலயும் படகு அடியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்குமே பார்னக்கிள், அதோட சொந்தக்காரன். இதோட பெண் லார்வா, அதாவது முட்டையில இருந்து வந்த இளம் பருவம், நீந்திப் போய் ஒரு நண்டு மேல உட்காரும், காலையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஊசி மாதிரி ஒரு குழாய் வழியா கொஞ்சம் செல்லை மட்டும் நண்டுக்குள்ள செலுத்தும், அவ்வளவுதான், அதுதான் இனிமே அந்த விலங்கு. அது நண்டு உடம்பு முழுக்க வேர் விட்டுப் பரவும். பிறகு நண்டு வயித்துக்கு அடியில, முட்டை சுமக்கிற அதே இடத்துல ஒரு பை வெளிய வரும், நண்டு அதைத் தன் முட்டைன்னு நினைச்சு சுத்தம் பண்ணி பாத்துக்கும். ஆண் நண்டா இருந்தாலும் வயிறு பெண் நண்டு மாதிரி அகலமாகி இதே வேலையைச் செய்யும். அந்தப் பையைப் பார்த்தா இது என்ன விலங்குன்னே சொல்ல முடியாது, ஆனா 1836-ல ஜான் வாகன் தாம்சன்ங்கிற இயற்கை ஆய்வாளர் அதுல இருந்து வந்த லார்வாவைப் பார்த்துதான் இது நண்டு, இறால் வகையறான்னு கண்டுபிடிச்சார்.

இதை "சீரழிவு"ன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது சரியா படல. இன்னொரு விலங்கோட உடம்பையும் நடத்தையையுமே மாத்துற அளவுக்கு புதுசா எவ்வளவு வந்திருக்கு பாருங்க.

இன்னும் ஒரு படி மேல போனது மிக்சோசோவாங்கிற நுண்ணிய ஒட்டுண்ணிக் கூட்டம். ஜெல்லிமீன் வம்சம், ஆனா அது பரவுறதுக்கு உருவாக்குற விதை மாதிரியான ஸ்போர்ல சில செல்தான் இருக்கும், ரொம்ப காலம் இதை விலங்குன்னே சேர்க்கல. அதுல சால்மன் மீன் தசையில வாழுற ஹென்னெகுயா சால்மினிகோலாவுக்கு மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள ஆக்சிஜனை வச்சு சக்தி தயாரிக்கிற பகுதி) டிஎன்ஏவே இல்லன்னு 2020-ல தெரிஞ்சுது, அதாவது ஆக்சிஜன் வச்சு சுவாசிக்கிற ஏற்பாடே போச்சு. ஆனா ஜெல்லிமீனோட கொட்டுற செல் மட்டும் உருமாறி இன்னும் இருக்கு, ஏன்னா அடுத்த உயிர்ல போய் ஒட்டிக்க அது வேணும்.