மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம்: எதை எடுப்பது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். எங்கள் மகளுக்கு இந்த ஆண்டு இரண்டு எம்.டி. (இங்கே மருத்துவரின் முதல் பட்டமே இதுதான்) கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர்பெற்ற தனியார் கல்லூரி. உதவித்தொகை எதுவும் தரவில்லை. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 95,000 டாலர் ஆகும். இன்னொன்று எங்கள் மாநில அரசுக் கல்லூரி. கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 48,000 டாலர். வீட்டின் மேல் கடன் வாங்கியாவது தனியார் கல்லூரிக்கே அனுப்பலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். மகள் ஒரு நாள் குழந்தை மருத்துவம் என்கிறாள், இன்னொரு நாள் எலும்பு அறுவை சிகிச்சை என்கிறாள். ஏப்ரல் 30க்குள் முடிவு சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். ஒரு இடம் கிடைப்பதே பெரும்பாடு, இரண்டு கிடைத்திருக்கிறது.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், என் ஓட்டு மாநிலக் கல்லூரிக்கு. ஆனால் அந்தக் கல்லூரியின் மருத்துவமனையைப் பற்றிச் சில விஷயங்களை விசாரித்த பிறகு. எவற்றை என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் பணம், ஏனென்றால் இந்த ஆண்டு கணக்கே மாறிவிட்டது.

முன்பு 'கிராட் பிளஸ்' என்ற மத்திய அரசுக் கடன் இருந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவையும் அதில் எடுத்துக்கொள்ள முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நிறுத்திவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசு தருவது ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தமாக 2 லட்சம் டாலர். அதற்கு மேல் கிடையாது. பெற்றோர் பெயரில் எடுக்கும் 'பேரன்ட் பிளஸ்' இளங்கலைக்கு மட்டும்தான், இங்கே உதவாது.

இப்போது உங்கள் இரண்டு கல்லூரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலக் கல்லூரியின் நான்கு வருடச் செலவு 1 லட்சத்து 92 ஆயிரம். கட்டணம் பெரிதாக ஏறாவிட்டால் முழுவதும் அரசுக் கடனுக்குள்ளேயே அடங்கிவிடும். தனியார் கல்லூரிக்கு ஒவ்வொரு வருடமும் 45,000 டாலர் வெளியே தேட வேண்டும். நான்கு வருடத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம். வங்கியில் மாணவர் கடனாக எடுத்தால் பெரும்பாலும் உங்களையும் இணைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். வீட்டின் மேல் எடுத்தால் வீடே ஈடு.

அரசுக் கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் கடைசியில்தான் உணர்கிறார்கள். அரசுக் கடனைச் சம்பளத்துக்குத் தகுந்தாற்போலக் கட்டலாம். அரசு மருத்துவமனையிலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ முழுநேரம் வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணைகள் கட்டிவிட்டால், பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில் மிச்சக் கடன் ரத்தாகும். இப்படிப்பட்ட மருத்துவமனையில் செய்யும் ரெசிடென்சி (பட்டம் வாங்கியதும் ஒரு துறையில் சம்பளத்தோடு எடுக்கும் பயிற்சி) வருடங்களும் அந்த 120இல் சேரும். வங்கிக் கடனுக்கு இது எதுவுமே பொருந்தாது. வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வருட வட்டி மட்டும் 14,000 டாலரைத் தாண்டும். ரெசிடென்சியின் முதல் வருடச் சம்பளம் வரிக்கு முன் 65,000 டாலரைச் சுற்றித்தான் இருக்கும்.

மகள் குழந்தை மருத்துவம் என்று சொல்கிறாள் அல்லவா, அதை நான் மிகவும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மிகக் குறைந்த சம்பளம் தரும் துறைகளில் அதுவும் ஒன்று. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், குழந்தைகளோடு பேசும் விதத்தைப் பார்த்தே இவள் இதற்குப் பிறந்தவள் என்று சொல்லலாம். கடைசி வருடத்தில் வேறு துறைக்கு விண்ணப்பித்தாள். காரணம் கேட்டேன். அப்பா கையெழுத்துப் போட்ட கடன் இருக்கிறது சார், என்றாள். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது. கடன் குறைவாக இருந்தால் உங்கள் மகள் எந்தத் துறையையும் மனதுக்குப் பிடித்ததற்காகவே எடுக்கலாம்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியிலிருந்து, மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். எளிதாக ஒப்பிடுவதற்கு இருந்த ஒரு எண் போனதும், ரெசிடென்சிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களின் கண் கல்லூரிப் பெயர் மேல் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது. நேர்காணல்களில் நானே பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சிதான் வாழ்க்கை, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேண்டும், மூளை அறுவை சிகிச்சை மாதிரி இடங்கள் மிகக் குறைவான துறைதான் வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், பெரிய கல்லூரியின் ஆய்வகங்களும் ஆட்களும் உண்மையிலேயே உதவும்.

ஆனால் தரவரிசை எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே யு.எஸ். நியூஸ் தரவரிசைக்குத் தகவல் தருவதை நிறுத்தியது. பின்னால் பல கல்லூரிகள் விலகின. 2024இலிருந்து அந்தப் பத்திரிகை மருத்துவக் கல்லூரிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தாமல் நான்கு அடுக்குகளாக மட்டுமே பிரிக்கிறது.

ரெசிடென்சிக்கு வரும் விண்ணப்பத்தைத் திறந்தால் நான் முதலில் போவது மூன்றாம் வருடத்துக்கு. வார்டில் இந்த மாணவர் எப்படி இருந்தார் என்று அங்கிருந்த மருத்துவர்கள் எழுதியது, உரிமத் தேர்வின் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள். கடிதம் எழுதியவர் அந்தத் துறையில் இருப்பவரா, மாணவரை நெருங்கிப் பார்த்தவரா என்பது ஒரு பத்தியைப் படித்தாலே தெரிந்துவிடும். இதெல்லாம் எங்கே உருவாகிறது? கல்லூரியின் மருத்துவமனையில். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது மூன்றாம், நான்காம் வருடங்களை.

மகளை அந்த இரண்டு வருட மாணவர்களிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். சேர்க்கை அலுவலகம் அறிமுகப்படுத்தும் முதல் வருட மாணவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்கள் இன்னும் வார்டுக்கே போகவில்லை. கேட்க வேண்டியவற்றில் முதலாவது, குழந்தை மருத்துவத்துக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் கல்லூரிக்குச் சொந்தமான ரெசிடென்சி இருக்கிறதா என்பது. இருந்தால் கடிதம் எழுதவும், ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளவும், நான்காம் வருடத்தில் கூடவே வைத்து வேலை வாங்கிப் பார்க்கவும் ஆள் அங்கேயே இருப்பார்கள். குழந்தை மருத்துவத்துக்கு இது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். எலும்பு அறுவை சிகிச்சைக்கு இல்லாவிட்டால் சிரமம். வேறு ஊர்களுக்கு ரொட்டேஷன் (ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சி) போய் அறிமுகம் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது, ரொட்டேஷன்கள் எங்கே நடக்கின்றன என்பது. ஒரே பெரிய மருத்துவமனையிலா, நூறு மைல் தள்ளித் தள்ளி ஐந்தாறு இடங்களிலா? ஆறு வாரத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டுவது எல்லோருக்கும் ஒத்துவராது. மதிப்பீடு எப்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டு வருடம் பாஸ்–ஃபெயில் என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் உள்ளுக்குள் வரிசை எண் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. மூன்றாம் வருடத்தில் 'ஆனர்ஸ்' என்ற மிக உயர்ந்த மதிப்பீட்டை எத்தனை பேருக்குத் தருகிறார்கள் என்று மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மேட்ச் (மாணவர்களுக்கு ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறை) முடிவுப் பட்டியலை எல்லாக் கல்லூரிகளும் காட்டும். அதில் புகழ்பெற்ற பெயர்களை எண்ணாதீர்கள். எத்தனை பேருக்கு இடமே கிடைக்கவில்லை, கடைசி மூன்று வருடங்களில் எலும்பு அறுவை சிகிச்சைக்கு எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேர் போனார்கள் என்று மாணவர் விவகார டீனிடம் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. எம்.டி. கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எல்.சி.எம்.இ.யின் அங்கீகாரம் முழுமையானதா, தற்காலிகமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால் மட்டும்தான் இதற்கு அவசியம்.

இன்னொன்று, இந்த வாரமே செய்ய வேண்டியது. தனியார் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மகள் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். உங்கள் கல்லூரிக்கு வர விரும்புகிறேன், மாநிலக் கல்லூரி இவ்வளவு உதவி தருகிறது, மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று பணிவாக, மாநிலக் கல்லூரி தந்த உதவிக் கடிதத்தையும் இணைத்து. கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கு இது வழக்கமானதுதான். பெரிய தனியார் கல்லூரிகள் சிலவற்றிடம் இப்போது நிறையப் பணம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம் 2018இலும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் கல்லூரி 2024இலும் எல்லா மாணவருக்கும் கல்விக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2024இல், ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைவான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவசமாக்கியது. உங்கள் கல்லூரி அந்த அளவுக்கு வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35,000, 40,000 குறைத்தால் நானே என் ஓட்டை மறுபடி யோசிப்பேன். ஐயாயிரம் குறைத்தால் மாற்ற மாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டின் மேல் கடன் வாங்குவோம் என்பதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்வதற்கு முன் அவளுக்கு எந்த ஊர், எந்த மனிதர்கள் பிடித்தார்கள் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் பெற்றோர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகியவர்கள். நீங்கள் வீட்டையே அடகு வைக்கத் தயார் என்றதும், மாநிலக் கல்லூரிதான் பிடித்திருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

கடைசியாகத் தேதி. ஏப்ரல் 30க்குள் ஒரு கல்லூரிக்கு 'சேரத் திட்டம்' என்று இணையத்தில் குறித்துவிட்டு, கையில் இருக்கும் மற்ற இடத்திலிருந்து விலக வேண்டும். இப்படிக் குறித்த பிறகும் வேறு கல்லூரிகளின் காத்திருப்புப் பட்டியலில் தொடரலாம். 'சேர உறுதி' என்பது தனிப் பொத்தான். அதை அழுத்தினால் எல்லாக் காத்திருப்புப் பட்டியல்களிலிருந்தும் விலகியே ஆக வேண்டும். அதற்கான கடைசித் தேதியை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சொல்லும், ஆகவே நிதியுதவி பற்றிய பதில் வருவதற்கு முன் மகள் அதைத் தொட வேண்டாம்.